வண்டியை விட்டு இறங்கியவர்

பயணச் செலவுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். விதிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகமும் என் காலத்துக்குப் பிறகு எத்தனையோ முறை மாறியிருக்கும். நான் சொல்லப்போவது ஒரு மழைக்காலத்தையும் ஒரு மனிதரையும் பற்றி. அவர் கேட்டதை எங்களால் கொடுக்க முடியவில்லை. கேட்டதை வாங்கிக்கொண்டு போனவர்களை எல்லாம் நான் மறந்துவிட்டேன், இவரை மறக்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் கணக்கு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்காரர்களும் உண்டு. ஒரு தெருவில் திருநெல்வேலிப் பேச்சு, அடுத்த தெருவில் கோயம்புத்தூர்ப் பேச்சு, குழாயடியில் எல்லாம் கலந்து சண்டை. இவர்கள் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வர அரசாங்கம் ரயில் கட்டணம் தரும். எல்.டி.சி. என்போம். புயல் மழையில் ரயில் ஓடாமல் வேறு வண்டியில் போக நேர்ந்தால் அந்தச் செலவையும் கேட்கலாம். ஆனால் அது தவிர்க்க முடியாத செலவுதான் என்று அலுவலகம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்வதா இல்லையா என்று முதலில் பார்க்கிறவர்கள் நாங்கள்.

அதனால் ஒரு புயல் வந்து போனால் எங்களுக்கு அடுத்த பொங்கல் வரைக்கும் மனு மழைதான். கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப்போகும். ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு லாட்ஜில் தங்கினேன் என்று ரசீது வைத்திருந்தார். ரசீதைப் பிரித்துப் பார்த்தால் லாட்ஜ் ஊட்டியில் இருந்தது. வெள்ளம் அவ்வளவு உயரம் ஏறியதா என்று கேட்டேன். ஆள் அசரவில்லை. "மேடம், தண்ணி எங்க வேணா போவும், நாம இன்னா பண்ண முடியும்?" என்றார். இன்னொருவர் அண்ணனின் சொந்தக் காரில் போய்விட்டு, அண்ணனிடமே வாடகை ரசீது எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு ஒரு கண் வந்துவிட்டது. யார் எதைக் கொடுத்தாலும் முதலில் ஓட்டையைத்தான் தேடுவோம். அது இந்த வேலையில் வேண்டிய கண்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் பிரிவின் சூப்பரின்டெண்டெண்ட் தணிகாசலம் அண்ணன். பாரிவாக்கத்துக்காரர். அலுவலகத்தில் யாருக்காவது தலைவலி என்றால் அவர் கண்ணில் முதலில் தண்ணீர் வரும். அப்படிப்பட்ட மனசு. நிராகரிக்க வேண்டிய மனுக்களுக்கு அவர் ஒரு வாசகம் வைத்திருந்தார். ரயில் பிறகு கிளம்பிவிட்டது, உடன் வந்த பயணிகள் அதிலேயே ஊர் போய்ச் சேர்ந்தார்கள், ஆகவே மனுதாரர் இறங்கி வேறு வண்டி பிடித்தது அவசியமில்லை. ஆங்கிலத்தில் இரண்டே வரி. ஊட்டி லாட்ஜ்காரருக்கும் அண்ணன் கார்க்காரருக்கும் ஏறக்குறைய அதே வரிதான் போயிருக்கும். அதை எழுதும்போது அண்ணன் யோசித்தே பார்க்க மாட்டார், கை தானாக எழுதும்.

அந்த வருஷம் புயல் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வந்தது. உங்களில் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். நவம்பர் தொடக்கத்தில் கத்தோலிக்கர்கள் செத்துப்போன சொந்தக்காரர்களின் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். குவார்ட்டர்ஸில் இருந்த தென்ஜில்லாக் குடும்பங்கள் பல அதற்காகவே அந்த நேரத்தில் எல்.டி.சி. எடுத்து ஊருக்குப் போகும். ஆரோக்கியசாமியும் அவர் மனைவி செசிலியும் அப்படித்தான் கிளம்பினார்கள்.

ஆரோக்கியசாமி வெல்டர். அதிகம் பேச மாட்டார். செசிலி அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பழக்கம். நான் சி.எஸ்.ஐ. சபை, அவள் கத்தோலிக்க ஆர்.சி., "உங்க கோயில்ல சாமியாருக்குப் பொண்டாட்டி உண்டாமே, அவருக்குச் சோறு போடுத கவல சபைக்கு இல்ல" என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு இதயத்தில் ஏதோ வால்வுக் கோளாறு, ஆஸ்பத்திரியில் தவறாமல் ஊசி போட்டுக்கொள்வாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனாலும் ஊருக்குப் போய்விட்டு வந்தால் எங்கள் பிரிவுக்கு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வந்துவிடும். தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருவாள், வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "லஞ்சம் கொண்டாந்திருக்கேன்" என்பாள்.

அந்த முறை கருப்பட்டி வரவில்லை. செசிலிதான் வந்தாள், வண்டியில், துணி சுற்றி. ஆவடிக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

நடந்தது என்ன என்று குவார்ட்டர்ஸ் முழுக்க அன்றைக்கே பரவியது. அதே ரயிலில் அடுத்த பெட்டியில் ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டைச் சேர்ந்த ஒரு குடும்பமும் போயிருந்தது. அவர்கள் சொன்ன கதை இதுதான். விழுப்புரம் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டது, முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துவிட்டதாம். ராத்திரி முழுக்க நின்றது. மறுநாள் பகலில் ஆரோக்கியசாமி மனைவியை இறக்கி, ஒரு மெட்டடார் வேன் பிடித்துக்கொண்டு போனார். போகிற வழியில் ஏரி நிரம்பி ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. வேன் தண்ணீருக்கு நடுவில் நின்றுபோனது. அங்கேயே செசிலி போய்விட்டாள். ரயில் அன்றைக்குச் சாயங்காலம் கிளம்பிவிட்டது.

"நாங்க சும்மா குந்திகினு இருந்தோம்மா. எங்க மாமியாரு கூட கீறாங்களே, அவங்களும் வண்டியிலதான் இருந்தாங்க. ஒண்ணும் ஆவல. அண்ணாத்ததான் அவசரப்பட்டு இறக்கிட்டாரு" என்று அந்த வீட்டு அம்மாள் என்னிடமே சொன்னாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துக்கம் விசாரித்தவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அந்தப் பேச்சு ஆரோக்கியசாமியின் காதுக்குப் போகாமல் இருந்திருக்க முடியாது.

நம் தொழிற்சாலையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. இப்போது சம்பளம் பேங்குக்குப் போய்விடுவதால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், அடுத்த சம்பள நாளில் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு துண்டை விரித்து வைப்பார்கள். சம்பளக் கவரோடு வெளியே போகிறவர்கள் அவரவரால் முடிந்ததைப் போட்டுவிட்டுப் போவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது. பெயர் கேட்கக் கூடாது. துண்டை அப்படியே நாலு முனையும் சேர்த்து முடிந்து சாவு வீட்டில் கொடுத்துவிடுவார்கள். செசிலிக்கும் விரித்தார்கள். ஆரோக்கியசாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்.

அதற்கு அப்புறம்தான் வேன் வாடகை கேட்டு அவருடைய மனு வந்தது. புயலால் ரயில் நின்றதால் வேறு வண்டியில் சென்றேன் என்று மட்டும் எழுதியிருந்தார். உடம்பு சரியில்லாததைப் பற்றியோ சாவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. தணிகாசலம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விதியைப் பார்த்தார். ரயில் ரத்தாகவில்லை, தாமதம்தான். அவர் கை அந்த இரண்டு வரியை எழுதியது. மனு திரும்பிப் போனது.

ஆரோக்கியசாமி மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் திரும்பியது. அதன்பிறகு அவர் சாப்பாட்டு நேரத்தில் வந்து எங்கள் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நிற்க ஆரம்பித்தார். சத்தம் போட மாட்டார். யாரையும் கூப்பிட மாட்டார். யாராவது நிமிர்ந்து பார்த்தால், "பாத்துச் சொல்லுங்க" என்பார். சங்கு ஊதியதும் போய்விடுவார். மறுநாள் மறுபடி.

ஒரு மனிதன் இப்படி நின்றால் மற்றவர்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும். "பொண்டாட்டி போயி மண்ணு காயல, இவுரு வேன் வாடகைக்கு அலஞ்சுகினு கீறாரு பாரு" என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேல் எரிச்சலா, பேசுகிறவர்கள்மேல் எரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஜன்னலில் அவர் முகம் தெரியும். சோறு இறங்காது.

தணிகாசலம் அண்ணனுக்கு என்னைவிட மோசம். ஒரு நாள் என்னிடம் வந்து, "யம்மா, இத்த இப்டியே உட்டா அந்தாளு கேவலப்பட்டுப் பூடுவாரு. ரூல்ல வயி இல்ல. நாம குடுத்துட்லாம்மா. சம்பள நாள்ல துண்டு விரிச்சா ஆச்சு, வேன் வாடக இன்னா பெரிய காசா? பாவம்மா" என்றார்.

'பாவம்' என்ற வார்த்தை எனக்கு அன்றிலிருந்து பிடிக்காமல் போனது. அதைச் சொல்லிவிட்டால் அந்த ஆளைப் பற்றி அதற்குமேல் யோசிக்க வேண்டிய வேலை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது.

அந்தச் சம்பள நாளில் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது முறை துண்டு விரித்தார்கள். எல்லாரும் போட்டார்கள். கேன்டீனில் கேலி பேசியவர்களும் போட்டார்கள். அண்ணன் அதை முடிந்து எடுத்துக்கொண்டு, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆரோக்கியசாமி வந்ததும் ஜன்னல் வழியாக நீட்டினார். முகம் எல்லாம் சந்தோஷம்.

"அண்ணாத்தே, இந்தாங்க. ஆபீஸ்ல பாஸ் ஆவல, ஆனா வேன் வாடக இதுல கீது. வச்சுக்கோங்க. இனிமே இங்க வந்து நிக்காதீங்க, பாக்க மனசு நோவுது."

ஆரோக்கியசாமி அந்த முடிச்சைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"ஒரு சாவுக்கு ஒரு தடவதானய்யா துண்டு விரிப்பாவ" என்றார்.

அண்ணன் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் துட்டுக்கு வரல. இறங்கினது அவசியமில்லன்னு எழுதியிருக்கீங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி அர்த்தம் கேட்டேன். மறுபடி குடுத்தேன், மறுபடியும் அதத்தான் எழுதுனீங்க. ஊர்ல அப்படித்தான் சொல்லுதாவ, அது ஊர் வாய். ஆபீஸும் அதயே எழுதிட்டா, அப்பம் நாந்தான் அவளக் கொன்னேன்னுல்ல ஆயிருது."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பேசிவிட்டுச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே போய்விட்டார். தணிகாசலம் அண்ணன் துண்டு முடிச்சை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. "நா ஒண்ணும் அந்த அர்த்தத்துல எய்தலம்மா" என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான். அவர் எந்த அர்த்தத்திலும் எழுதவில்லை. கை தானாக எழுதிய வரி அது. அந்த முடிச்சு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அடுத்த சாவுக்கு விரித்த துண்டில் சத்தமில்லாமல் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகும் ஆரோக்கியசாமி வராந்தாவில் வந்து நின்றார். இப்போது எங்களில் யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த நேரத்தில்தான் வருடாந்தரத் தணிக்கை வந்தது. தணிக்கை அதிகாரியின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. நாங்கள் வைத்திருந்த பெயர் 'சிவப்பு மை'. பாஸ் ஆன பில்லைக்கூடத் தோண்டி எடுத்து அடித்துவிடுவார். எங்கள் டீயைக் குடிக்க மாட்டார், வீட்டிலிருந்து பிளாஸ்கில் மோர் கொண்டு வருவார். சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் வருகிறார் என்றால் எங்கள் அலுவலகத்தில் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும்.

"அந்த ஃபைல அடியில வச்சுடும்மா. சிவப்பு மை கண்ல பட்டா, அந்தாளு மனச இன்னும் நோவடிச்சிடுவாரு" என்றார் தணிகாசலம் அண்ணன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அடியில் வைத்தேன்.

ஆனால் ஃபைலைத்தான் மறைக்க முடியும், ஆளை எப்படி மறைப்பது? சாப்பாட்டு நேரம் வந்தது. ஆரோக்கியசாமி வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். அதிகாரி மோரைக் குடித்துக்கொண்டே அவரைப் பார்த்தார். பிளாஸ்கை மூடினார். மறுபடி பார்த்தார்.

"யார் அது? எதுக்கு நிக்கறார்?"

தணிகாசலம் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், சொல்லாதே என்று. எங்கள் எல்லாரிலும் நான்தான் சின்னவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த ஆளுக்கு எங்களிடமிருந்து கிடைக்க இன்னும் என்ன மோசம் பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போய் அடியிலிருந்து ஃபைலை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தேன்.

அவர் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் படித்தார். அண்ணனின் இரண்டு வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"அவரை உள்ளே கூப்பிடுங்க."

ஆரோக்கியசாமி கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதிகாரி நாற்காலியைக் காட்டினார். பட்டறை ஆட்கள் எங்கள் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் நுனியில் உட்கார்ந்தார்.

"வண்டி நின்னதுலேர்ந்து சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல" என்றார் அதிகாரி.

நாங்கள் யாரும் அதைக் கேட்டதே இல்லை. துக்கம் விசாரித்தோம், துண்டு விரித்தோம், மனுவைத் திருப்பி அனுப்பினோம். என்ன நடந்தது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. சேக்காட்டு அம்மாள் சொன்ன கதையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் சொன்னார். ராத்திரி முழுக்க செசிலியால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. ஜன்னல் கட்டையில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். மழை உள்ளே அடித்தது, ஜன்னலைச் சாத்தினால் அவளுக்குக் காற்று போதவில்லை. விடிந்ததும் ஊர்க்காரர்கள் பன்னும் டீயும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளால் விழுங்க முடியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் நாலு தடவை போய்க் கேட்டார். எப்போது கிளம்பும் என்று அவருக்கும் தெரியவில்லை, தந்திக்கம்பி எல்லாம் விழுந்துகிடந்தது. பெட்டி பெட்டியாகப் போய் டாக்டர் யாராவது உண்டா என்று கேட்டார். இல்லை. மத்தியானம் அவள் உதடு ஒரு மாதிரி நீலமாகத் தெரிந்தது. காய்கறி ஏற்றிவந்த வேன் ஒன்று ஸ்டேஷனுக்கு வெளியே நின்றது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சினார்.

"உடம்பு சரியில்லன்னு மனுவுல ஏன் எழுதல?" என்று அதிகாரி கேட்டார்.

"எழுதினா, சீக்காளிய மழையில ஏன் கூட்டிட்டுப் போனேன்னு கேப்பீங்கல்லா. அவதான் போணும்னு நின்னா. அவ அம்மை அப்பன் கல்லறைக்கு வத்தி ஏத்த வேற ஆள் இல்ல."

பிறகு அவராகவே, யாரும் கேட்காமல், சொன்னார்.

"இறங்க வேண்டாம்னு சொன்னா சார். 'இங்கனயே இருந்துருவோம், வண்டி கெளம்பிரும்'னா. கையப் புடிச்சு இழுத்தா. நாந்தான் கேக்கல. சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சத்தம் போட்டுத் தூக்கிட்டு எறங்கிட்டேன். அதான் நான் அவகிட்ட கடைசியாப் பேசினது. வேன்ல அவளுக்குப் பேச மூச்சு இல்ல."

தணிகாசலம் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அதிகாரியின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

"வாடகை கிடைக்காது. நீங்க போனது ஆஸ்பத்திரிக்கு, ஊருக்கு இல்ல. இந்தச் சலுகையில அது வராது. புரியுதா?"

"புரியுது சார்."

"ஆனா இந்த வரி தப்பு."

சொல்லிவிட்டு அண்ணனின் இரண்டு வரியின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். பில்லை அடித்துத்தான் அவரைப் பார்த்திருக்கிறோம், எங்கள் அலுவலகத்தின் எழுத்தை அடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கீழே அவர் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்தத் தொகை இந்த விதியின்கீழ் வராது என்பது மட்டுமே நிராகரிப்புக்குக் காரணம். வண்டியை விட்டு இறங்கியது அவசியமா என்று சொல்ல இந்த அலுவலகத்துக்குத் தகுதி இல்லை. அந்த நேரத்தில் கண்முன் இருந்ததைப் பார்த்து மனுதாரர் செய்யக்கூடியதைச் செய்தார்.

"இதைத் தமிழ்ல படிச்சுச் சொல்லும்மா" என்று என்னிடம் ஃபைலைத் தள்ளினார். நான் படித்தேன். ஆரோக்கியசாமி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். ஒரு நகல் வேண்டும் என்றார், டைப் அடித்துக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதிகாரியைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலில் யாரும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

பிள்ளைகளே, இதில் நான் எடுத்துக்கொண்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இல்லை என்று சொல்வது நம் வேலை. அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். ஆனால் விதி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவோடு நிறுத்துங்கள். மழையில் நனையாமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அவன் நின்றிருக்கலாம், அவள் போயிருக்கலாம் என்று எழுதாதீர்கள். நமக்கு அது ஒரு வரி. வாங்கிக்கொண்டு போகிறவர் அதோடுதான் தூங்கி எழுந்திருக்க வேண்டும். இன்னொன்று, நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது. எங்கள் அண்ணனைவிட நல்ல மனசுக்காரரை நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே அவர் அந்த மனிதரைக் குத்தினார். சிரிக்கவே தெரியாத ஒருவர்தான் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார்.

அந்த விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். நல்லபடியாக முடித்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாள் நெருங்கியது. அந்த வருஷமும் மழை. பட்டாபிராம் பக்கம் தாழ்வான இடங்களில் தண்ணீர் நின்றது, நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஊர்ந்துதான் போனது. ஒரு நாள் ஆரோக்கியசாமி பிரிவுக்கு வந்தார், ஜன்னலுக்கு இல்லை, உள்ளே. எல்.டி.சி. முன்பணம் கேட்டு மனு கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு டிக்கெட். ஆளே பாதியாக இளைத்திருந்தார். சட்டைப் பையில் அந்த நகல் மடிப்பெல்லாம் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது தெரிந்தது.

"ஊருக்கா அண்ணே? செசிலி இங்கேதானே இருக்கு" என்றேன்.

"காலையில இங்க இவளுக்கு வத்தி ஏத்திட்டுச் சாயங்காலம் வண்டி ஏறுதேன். அவ அம்மை அப்பனுக்கு வத்தி ஏத்தணும்லா. போன வருசம் ஏத்தாமப் போச்சே."

நான் மனுவை வாங்கிக்கொண்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எனக்குப் பயமாக இருந்தது. "ரேடியோவுல புயல்னு சொல்றாங்கண்ணே. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டுப் போகக் கூடாதா? வழியில வண்டி நின்னுட்டா என்ன செய்வீங்க?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நின்னா நிக்கட்டும்மா" என்றார். "இந்தத் தடவ நான் இறங்க மாட்டேன். அவ சொன்ன மாதிரி அங்கனயே இருந்துருவேன்."